பொறுப்பு கமிஷனரின் கடைசி நாள்

அத்தியாயம் 17

ஆறு வருடத்தில் ஐந்து போலீஸ் கமிஷனர்களைப் பார்த்துவிட்ட நகரம் போர்ட் கேல்வின். முதலாமவர் ஓய்வு பெற்றார். இரண்டாமவரை மேயர் போகச் சொன்னார். மூன்றாமவர் மேயரையே போகச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே போனார். நான்காமவருக்கு உடம்பு முடியவில்லை என்று அறிக்கை வந்தது. அடுத்த மாதமே அவர் வேறொரு ஊரில் திடகாத்திரமாகப் பதவியேற்றுக்கொண்டார். ஐந்தாமவர் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அவர் மூட்டை கட்டிய கதையைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் மார்வா டில்மன். வயது ஐம்பத்தேழு, சீருடை போட்டு இருபத்தொன்பது வருடம். பதினேழு நாளாகப் பொறுப்பு கமிஷனர். நாளை காலை ஒன்பது மணிக்கு வெளியூரிலிருந்து கார்ல் ரெனிக் என்பவர் வந்து பதவியேற்கிறார். ஆகவே இந்த வியாழக்கிழமைதான் மார்வாவுக்குக் கடைசி நாள்.

கடைசி நாள் என்றால் கேக் வெட்டுவார்கள், நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மார்வாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் நேற்று மாலை உள்விசாரணைப் பிரிவைச் சேர்ந்த ஹெலன் சபோ ஒரு பழுப்பு ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மேலே எழுதியிருந்த பெயர் டேரன் டில்மன். மார்வாவின் அண்ணன் மகன், இதே இலாகாவில் போலீஸ்காரன்.

காலை எட்டு மணிக்குள் அவள் அந்த ஃபைலை இரண்டு முறை படித்துவிட்டாள்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. போன வருடம் பிப்ரவரியில், ரேமண்ட் ஸ்டோக்ஸ் என்ற அறுபத்தொரு வயது பஸ் டிரைவர் வேலை முடிந்து டிப்போவிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று டேரன் டிப்போ வாசலிலேயே நிறுத்தியிருக்கிறான். அவன் சட்டையில் மாட்டியிருந்த கேமரா நான்கு நிமிடம் அணைந்திருந்தது. மறுபடி ஓடத் தொடங்கியபோது ஸ்டோக்ஸ் தரையில் கிடந்தார், வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. பனியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று டேரன் ரிப்போர்ட் எழுதினான். டிப்போ வாசலிலும் ஒரு கேமரா இருந்தது. அதை அணைக்க டேரனிடம் பொத்தான் இல்லை.

ஏழு மாதம் விசாரித்து, ஆளை வேலையிலிருந்து நீக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கையை உடைத்ததற்குச் சில மாத சஸ்பென்ஷனோடு விட்டிருப்பார்கள். பொய் ரிப்போர்ட்டுக்குத்தான் நீக்கம்.

நீக்குவதற்குக் கமிஷனர் கையெழுத்து வேண்டும். புகார் வந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்தக் கையெழுத்து விழவில்லை என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள், பிறகு யாரும் திறக்க முடியாது. அந்த ஒரு வருடம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் மூன்று முத்திரைகள் இருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: "அடுத்த கமிஷனரின் பார்வைக்கு." இதற்கென்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிற இலாகா வேறு எங்காவது உண்டா என்று மார்வாவுக்குத் தெரியாது.

வழக்கம் அப்படி. பொறுப்பில் இருப்பவர் தண்டனை ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டார், வரப்போகிறவரை முந்திக்கொள்வது மரியாதையில்லை என்பார். போகப்போகிறவரும் போட மாட்டார், கிளம்புகிற நேரத்தில் பகை எதற்கு என்பார். புதிதாக வந்தவர் ஆறு மாதம் போட மாட்டார், முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பார். ஆறு மாதத்தில் அவரே போய்விடுவார்.

ஒன்பது மணிக்கு ஹெலன் வந்தாள். ஒல்லியான பெண், சிரிப்பதே அபூர்வம்.

"இந்த மாதிரி எத்தனை ஃபைல் காலாவதி ஆயிருக்கு ஹெலன்?"

"ஆறு வருஷத்துல நாப்பத்தொண்ணு மேடம்."

"பதினேழு நாளா இது ஏன் என் மேஜைக்கு வரல?"

"ஹோல்ம் சார் அலமாரியில இருந்துச்சு. அவர் லீவுல போனதும் சாவி வாங்கி எடுத்தேன்."

காரி ஹோல்ம், மார்வாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். மூன்று முத்திரைகளில் ஒன்று அவர் போட்டது, நடுவில் ஒரு மாதம் அவரும் பொறுப்பில் இருந்தார். ஏரி உறைந்துவிட்டால் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. இந்த மாதிரி ஃபைல்களுக்குக் கெடு நெருங்கும்போதெல்லாம் அவருக்கு மீன் ஆசை வந்துவிடும், போனையும் அணைத்துவிடுவார்.

மார்வா நகராட்சி வக்கீலைக் கூப்பிட்டாள்.

"சட்டப்படி தடை இல்ல மேடம்," என்றார் வக்கீல். "புருஷன், பிள்ளைங்க, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க கேஸத்தான் நீங்க தொடக் கூடாது. அண்ணன் மகன் அந்த லிஸ்ட்ல இல்ல. ஆனா பாக்கறதுக்கு நல்லா இருக்காது. 'நான் ஒதுங்கிக்கறேன்'னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா கௌரவமா முடிஞ்சிடும்."

"ஒதுங்கினா யார்கிட்ட போகும்?"

"ஹோல்ம்கிட்ட."

"அவர் ஏரியில இருக்கார்."

"அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும் மேடம்?"

போனை வைத்த பிறகு மார்வா அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. படிக்கிறவன் நேர்மையான பெண்மணி என்றுதான் நினைப்பான்.

அவளுக்கு அந்த வரி தேவைப்பட்டது, அதை மறைப்பானேன். மார்வாவுக்குப் பிள்ளை கிடையாது. டேரன் பிறந்தபோது அவன் அம்மாவுக்கு அடுத்தபடி அவனைத் தூக்கியவள் இவள்தான். அவன் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அவன் போலீஸ் பள்ளியில் தேறி வந்த அன்று, அவன் சட்டையில் வில்லையைக் குத்திவிட்டதும் இவள் கைதான்.

பகல் பன்னிரண்டுக்கு ஓட்டுநர் வந்து கார் சாவியை வாங்கிக்கொண்டு போனான். இந்த இலாகாவில் பதவி போகிறவரிடம் முதலில் வாங்குவது அதைத்தான். அவன் போன சூட்டோடு அண்ணன் ஓடெல் உள்ளே வந்தார்.

ஓடெல் டில்மன் ஓய்வு பெற்ற சார்ஜெண்ட். மார்வாவுக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவளுக்கு அப்பா ஸ்தானம் அவர்தான். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தார், கையில் வறுத்த கெளுத்தி மீன் வைத்த ரொட்டிப் பொட்டலம்.

"சாப்பிடு. ஆறிடும்."

"எதுக்கு வந்தன்னு சொல்லுண்ணே."

"காரப் புடுங்கியிருப்பானுங்க. தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வண்டி வேணாமா?"

"அஞ்சு மணிக்குத்தான் வேல முடியும்."

"நாலு மணிக்கே கெளம்பிடேன்."

மார்வா பொட்டலத்தைப் பிரித்தாள், சாப்பிடவில்லை.

"நான் உன்கிட்ட எதையும் செய்யச் சொல்லல மார்வா," என்றார் ஓடெல். "பொய் சொல்லச் சொல்லல. பேப்பரக் கிழிக்கச் சொல்லல. உனக்கு முன்னாடி மூணு பேர் செஞ்சதத்தான் நீயும் செய்யப்போற. இத்தன வருஷத்துல உன்கிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பவும் கேக்கல."

"எதுவும் செய்யாதன்னு கேக்கற."

"அது கேக்கறதுல சேத்தியா?"

மார்வா கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த வீடியோவப் பாத்தியா?"

"டேரன் சொன்னான்."

"நான் கேட்டது பாத்தியான்னு."

டிப்போ கேமராவில் சத்தம் கிடையாது. ஸ்டோக்ஸ் கண்ணாடியை இறக்கி, வண்டிக் காகிதத்தை நீட்டுகிறார். டேரன் காகிதத்தை வாங்கவில்லை, கையைப் பிடிக்கிறான். முறுக்கி வெளியே இழுக்கிறான். கிழவர் தரையில் விழுந்த பிறகும் இன்னொரு கையை மேலே தூக்கியபடியே இருக்கிறார், தன்னிடம் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்கு.

ஓடெல் முழுதும் பார்த்தார். முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு மொதல்ல ஏதாவது சொல்லியிருப்பான்."

"சொல்லியிருக்கலாம். உன் புள்ளதான் கேமராவ அணச்சிட்டானே, எப்படித் தெரியும்?"

"என் புள்ளையா? உனக்கு அவன் யாரு?"

மார்வா வீடியோவை மூடினாள்.

ஓடெல் எழுந்தார். "கீழ வண்டியில இருக்கேன். நாலு மணின்னாலும் சரி, அஞ்சு மணின்னாலும் சரி." வாசலில் நின்று, "மீனச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மார்வா டேரனை வரச் சொன்னாள். தண்டிக்கும் முன் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது விதி. முத்திரை குத்தியவர்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

முப்பத்திரண்டு வயது, அப்பாவின் அதே தோள். சிரித்துக்கொண்டே வந்தான்.

"அத்தை, இந்த நாற்காலி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. அந்த ரெனிக்க ஊருக்கே திருப்பி அனுப்பிடுங்க."

"உக்காரு டேரன். ஸ்டோக்ஸ் பத்தி நீ சொல்ல வேண்டியத சொல்லு."

சிரிப்பு நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான்.

"இது முடிஞ்ச விஷயம்னாங்களே."

"யார் சொன்னா?"

"ஹோல்ம் சார்தான். சனிக்கெழம வரைக்கும் ஏரியிலதான் இருப்பேன், கவலப்படாதன்னாரு."

"ஸ்டோக்ஸ் கெஞ்சினாரா? திட்டினாரா? கை ஓங்கினாரா?"

டேரன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு அன்னிக்குப் பதினாலு மணி நேர ட்யூட்டி அத்தை. அந்த ஆளு, 'வெளக்குக்கெல்லாமா தம்பி நிறுத்துவாங்க'ன்னு சிரிச்சான். அவ்வளவுதான். தப்புதான். தெரியும்."

"அந்தத் தப்ப ரிப்போர்ட்ல எழுதியிருந்தா வேலையாவது நிக்கும். வழுக்கி விழுந்தாருன்னு ஏன் எழுதின?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?"

"எல்லாரும்னா?"

டேரன் அவளை நேராகப் பார்த்தான். அவன் குரலில் மிரட்டல் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்க எழுதலையா? கிறிஸ்துமஸ் விருந்துல அப்பா வருஷா வருஷம் சொல்ற கதைதானே. ஆளு பத்தாம உங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில போட்ட ராத்திரி. வில்லிஸ் ஆர்னெட்டுன்னு ஒருத்தன். அப்பா டார்ச்சால ஒண்ணு வெச்சாரு, நீங்க 'மாடிப்படியில தவறி விழுந்தார்'னு எழுதினீங்க. அந்த வீட்ல மாடியே இல்லன்னு சொல்லி அப்பா சிரிப்பாரு. நீங்களும் சிரிப்பீங்க. நான் சின்னப் புள்ளையிலேருந்து கேட்டுட்டிருக்கேன்."

மார்வா சிரித்தது உண்மை. முதல் சில வருடம் சிரிப்பு வரவில்லை, பிறகு பழகிவிட்டது. ஆர்னெட்டுக்கு இடது காது கேட்காமலே போய்விட்டது என்ற பகுதியை ஓடெல் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை.

"போலாம் டேரன்."

"கையெழுத்துப் போட மாட்டீங்கள்ல அத்தை?"

"போன்னு சொன்னேன்."

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். நான்கு மணி ஆனது. கீழே நிறுத்துமிடத்தில் ஓடெலின் பழைய வண்டி புகை விட்டுக்கொண்டு நிற்பது ஜன்னலில் தெரிந்தது. இப்போது மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஸ்டோக்ஸைத் தவிர. அவருக்கோ இவள் பெயர்கூடத் தெரியாது.

ஒதுங்கிக்கொள்கிறேன் என்று காலையில் எழுதிய வரியை எடுத்து மறுபடி படித்தாள். மாடிப்படியில் தவறி விழுந்தார் என்ற வரியும் இதே மாதிரி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையிலிருந்த காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

பிறகு ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூன்று முத்திரைகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். டேரன் டில்மன், பணி நீக்கம். அழுகை வந்தது. அதை அடக்க அவள் முயலவில்லை.

அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. அலமாரியில் பொதுமக்கள் புகார் எழுதும் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. ஒன்றை உருவினாள். யார் மீது புகார் என்ற இடத்தில் மார்வா டில்மன் என்று எழுதினாள். நடந்த ஊர், தெரு, இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய தேதி எல்லாம் யோசிக்காமலே வந்தன.

நான்கே முக்காலுக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழ்மாடிக்குப் போய் ஹெலனின் ஜன்னலில் நீட்டினாள். ஹெலன் முதலாவதை வாங்கி, நேரம் பதியும் இயந்திரத்தில் வைத்தாள். நான்கு நாற்பத்தெட்டு. இரண்டாவதைப் படித்தவள் நிமிர்ந்தாள்.

"மேடம், இது இருபத்தாறு வருஷம் பழசு."

"புகார் வந்த தேதியிலேருந்துதானே ஒரு வருஷக் கெடு? இது இன்னிக்குத்தான் வருது."

"நாளைக்கு ரெனிக் மேஜைக்குப் போற மொத பேப்பரே இதுவாத்தான் இருக்கும்."

"போகட்டும்."

ஹெலன் மறுபடி படித்தாள். "கூட இருந்த அதிகாரி பேருன்னு ஒரு கட்டம் இருக்கு, அது காலியா இருக்கு. காலியா விட்டா வாங்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா தெரியாதுன்னு நானே போட்டுக்கறேன்."

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற உதவிதான் அது.

"அப்படிப் போட்டா அது இன்னொரு பொய் ரிப்போர்ட் ஹெலன்," என்று மார்வா படிவத்தைத் திரும்ப வாங்கினாள். அண்ணன் பெயரை எழுத நான்கைந்து வினாடிகள்தான் ஆயிற்று.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. வண்டிக்குள் சூடாக இருந்தது. ஓடெல் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். கடிகாரத்தில் ஐந்து மணி ஐந்து நிமிடம்.

"முடிஞ்சுதா?"

"கையெழுத்துப் போட்டுட்டேண்ணே."

ஓடெல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாடை மட்டும் அசைந்தது.

"ஒரு மணி நேரம் முன்னாடி எறங்கியிருந்தா போதும்," என்றார். "ஒரே ஒரு மணி நேரம்."

"இன்னொண்ணும் எழுதிக் குடுத்திருக்கேன். வில்லிஸ் ஆர்னெட் விஷயம்."

அவர் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தாள். ஆனால் அந்த முகத்தில் இருந்தது பயம். அப்பா இறந்த அன்றுகூட அண்ணனிடம் அவள் அதைப் பார்த்ததில்லை.

"என் பேர எழுதினியா?"

"மொதல்ல என் பேரு. அப்பறம் உன் பேரு."

ஓடெல் இன்ஜினை அணைத்தார். இறங்கு என்று சொல்லவில்லை, வீட்டுக்கும் ஓட்டவில்லை. வண்டி குளிரத் தொடங்கியது.

அப்போது கட்டடத்தின் பக்கவாசல் வழியாக டேரன் வெளியே வந்தான். ஐந்து மணி தாண்டிவிட்டது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அத்தையும் அப்பாவும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பனியில் சறுக்கிச் சறுக்கி, கையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

"அவன்கிட்ட யார் சொல்றது?" என்றார் ஓடெல்.

"நான்தான் போட்டேன். நானே சொல்றேன்."

மார்வா கதவைத் திறந்து இறங்கினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவும் திறந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடெலும் இறங்கினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து தன் பக்கம் நிற்கப்போகிறாரா, மகன் பக்கம் போகப்போகிறாரா என்று திரும்பிப் பார்க்க மார்வாவுக்குத் துணிவில்லை. டேரன் இன்னும் பத்தடி தூரத்தில்தான் இருந்தான்.